கூருக்குப் பின்னால் ஒரு கணக்கு

ஒரே எஃகு, ஒரே நீளம், முதுகுப் பக்கம் ஒரே கனம் என்று இரண்டு கத்திகளை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே கல்லில் தீட்டியாயிற்று. தொங்கவிட்ட செய்தித்தாளை இரண்டுமே சத்தமில்லாமல் சீவுகின்றன. காட்டுக்குள் கூடாரம் போட்டு வேலையைத் தொடங்கியதும் குணம் வேறாகிவிடுகிறது. முதல் கத்தி தக்காளியைத் தோல் கசங்காமல் நறுக்குகிறது. விறகில் இறக்கினால் பாதியில் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. இரண்டாவது கத்தி விறகை நொடியில் பிளக்கிறது. கேரட் நறுக்கக் கொடுத்தால் அதையும் விறகைப் போலவே படக்கென்று பிளந்துபோடுகிறது.

கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘என்ன ஸ்டீல்?’ என்றுதான். கூர் எத்தனை நாள் நிற்கும், துருப் பிடிக்குமா என்பதை எஃகும் அதற்குக் கொடுத்த பதமும் தீர்மானிக்கும். ஆனால் கத்தி எப்படி வெட்டும் என்பதை முடிவு செய்வது வேறொன்று: முதுகிலிருந்து வாய் வரை அலகு எந்தச் சரிவில் மெலிந்து வருகிறது என்பது. கத்திக்காரர்கள் இதை ‘கிரைண்ட்’ என்பார்கள். நாம் சரிவு என்றே வைத்துக்கொள்வோம்.

அழுத்தமும் ஆப்பும்

வெட்டும்போது கத்தி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதல் வேலை, நுழைவது. வாயின் விளிம்பு ஒரு மைக்ரான் அகலம், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அதில் 3 செ.மீ. நீளம் பொருளைத் தொடுகிறது. இரண்டு கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினாலே, விளிம்புக்கு அடியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆறாயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் உருவாகிவிடும். விளிம்பு மழுங்கிப் பத்து மைக்ரான் ஆனால் அந்த அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மழுங்கிய கத்தியில் கை வலிப்பதன் காரணம் இதுதான்.

இரண்டாவது வேலை, விலக்குவது. விளிம்பு நுழைந்த பிறகு அலகு ஓர் ஆப்பாக மாறி, வெட்டுண்ட பக்கங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 20 பாகை ஆப்பு நாம் கொடுக்கும் விசையைப் போல 2.8 மடங்கு விசையோடு ஒவ்வொரு பக்கத்தையும் தள்ளும். 40 பாகை ஆப்பில் அது 1.4 மடங்குக்குச் சுருங்கிவிடும். அப்படியானால் கோணத்தைக் குறைத்துக்கொண்டே போனால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் தடை வருகிறது. ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. வாய்க்குப் பின்னால் கனம் பாதியானால், அந்தத் திறன் எட்டில் ஒன்றாகிவிடும். மெல்லிய வாய் எளிதாக நுழையும். அதே எளிமையோடு மடங்கும் அல்லது பொக்கை விழும்.

பக்கவாட்டு விசை எவ்வளவு கொடியது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜான்லூக்கா ரோஷொலி, ஜெம் தாஷான் ஆகியோர் அடங்கிய குழு ஆராய்ந்து, 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. சவர பிளேடின் எஃகைவிட மனித முடி ஐம்பது மடங்கு மென்மையானது. இருந்தும் முடி எஃகைப் பொக்கை விழச் செய்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, முடியை பிளேடு சாய்வாகச் சந்தித்து, விளிம்பு பக்கவாட்டில் வளைந்த இடங்களில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத புள்ளிகள் பெயர்ந்து விழுந்தது தெரிந்தது. முடிக்கே இந்தப் பாடு என்றால், கணு உள்ள கட்டையில் கத்தியை இறக்கி முறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தட்டைச் சரிவு

முதுகிலிருந்து வாய் வரை இரு பக்கமும் நேர்கோடாக மெலிந்து வருவது முழுத் தட்டைச் சரிவு. முதுகு 3 மி.மீ., அலகின் உயரம் 30 மி.மீ. என்றால் இந்த ஆப்பின் கோணம் ஆறு பாகைக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய வாய் தாங்காது என்பதால் கடைசி அரை மில்லிமீட்டர் அளவில் 30, 40 பாகைக்கு இன்னொரு சிறு சரிவு வைப்பார்கள். சமையல் கத்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890-ல் ஜோசஃப் ஒப்பினெல் உருவாக்கிய மடக்குக் கத்தியும் ஏறத்தாழ இந்த வகையே. ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று மலைக் குடியானவரின் மதியச் சாப்பாட்டுக்கு இதைவிடத் தோதான வடிவம் இல்லை.

இதன் பலவீனம் தேய்மானத்தில் தெரியும். தீட்டத் தீட்ட வாய் மேலே ஏறும். மேலே போகப் போகக் கனம் கூடும். பல வருடம் உழைத்த கத்தி, கூராக இருந்தும் முன்போல வெட்டவில்லை என்றால் இதுவே காரணம். வாயை மட்டும் தீட்டிப் பயனில்லை. பக்கங்களையும் சாணை பிடித்து மெலிய வைக்க வேண்டும்.

சரிவை முதுகிலிருந்து தொடங்காமல் அலகின் நடுவிலிருந்து தொடங்கினால் அது ‘சேபர்’ வகை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கொண்டுபோன கா-பார் கத்தி இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. மேல் பாதி முழுக் கனத்தோடு இருப்பதால் நெம்பினாலும் குத்தினாலும் தாங்கும். காய் நறுக்க மட்டும் அழைக்கக் கூடாது.

குழிவுச் சரிவு

சுழலும் சக்கரத்தின் விளிம்பில் அலகை வைத்துத் தேய்த்தால் பக்கங்கள் உள்வாங்கிக் குழியும். பழைய சவரக் கத்திகள் இப்படிச் செய்யப்பட்டவை. வாய்க்கு மேல் கணிசமான தூரம் வரை அலகு மெலிந்தே இருப்பதால், பல முறை தீட்டினாலும் வெட்டும் சுகம் குறையாது. 1960-களில் அமெரிக்காவில் வந்து வேட்டைக்காரர்களிடையே புகழ்பெற்ற பக் 110 மடக்குக் கத்தியின் அலகு குழிவுச் சரிவு கொண்டது. தோலை உரிக்க, இறைச்சியைப் பிரிக்க, மீன் கழுவ இது போதும். இந்த வேலைகளில் வாய் மட்டுமே ஆழமாகப் போகிறது. பிளந்த சதை தானாக விலகிவிடும்.

ஆழமாக வெட்ட வேண்டிய இடத்தில்தான் சிக்கல். குழிவு முடிந்து முழுக் கனம் தொடங்கும் இடத்தில் ஒரு தோள் இருக்கிறது. ஆப்பிளோ மரமோ அந்தத் தோளைச் சந்தித்ததும் கத்தி திடீரென்று நின்றுவிடும். மரத்தில் முறுக்கினால் மெலிந்த வாய் பெயர்ந்து வரும்.

ஸ்காண்டி

சுவீடனின் மோரா நகரை ஒட்டிய கிராமங்கள் கத்திக்குப் பேர்போனவை. 1891-ல் ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் தொடங்கிய பட்டறையின் வழி வந்ததே இன்றைய மோராக்னிவ் நிறுவனம். இந்தக் கத்திகளும், பக்கத்து நாடான பின்லாந்தின் புக்கோ கத்தியும் ஒரே வடிவம்; இந்தச் சரிவைத்தான் ‘ஸ்காண்டி’ என்கிறார்கள். அலகு முக்கால் பாகம் வரை கனம் குறையாமல் வந்து, கடைசியில் ஒரே அகலமான சரிவில் வாயில் முடிகிறது. அலகு 2.5 மி.மீ. கனம், கோணம் 25 பாகை என்றால் சரிவின் அகலம் ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும்.

இந்த அகலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரக் காட்டில் தீ மூட்டுபவர்கள் காய்ந்த பைன் குச்சியை எடுத்து, அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி சுருள் சுருளாகச் சீவுவார்கள். ஸ்காண்டிக் கத்தியின் சரிவைக் குச்சியின் மேல் படியவைத்துத் தள்ளினால் அது வழுக்கிக்கொண்டு போகும், வெட்டாது. முதுகை ஒரு மயிரிழை தூக்கினால் வாய் கடிக்கத் தொடங்கி மெல்லிய சுருள் எழும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் சுருள் தடித்துவிடும். சுருளின் கனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. சரிவு மரத்தில் பதிந்திருப்பதைக் கையே உணரும். சிறு சரிவு வைத்த தட்டைக் கத்தியில் படியவைக்க இடமே இல்லை. கோணத்தைக் கை அந்தரத்தில் பிடிக்க வேண்டும். தீட்டுவதும் இதேபோல் எளிது. சரிவைக் கல்லில் படியவைத்தால் போதும், கோணம் தானாக அமையும்.

ஆனால் இந்த வாய்க்குப் பின்னால் கூடுதல் காப்பு எதுவும் இல்லை. வைரம் பாய்ந்த மரத்திலோ, எலும்பிலோ, உறைந்த கட்டையின் கணுவிலோ அடித்தால் மடங்கிவிடும். அதைச் சரிசெய்ய, சின்னப் பொக்கைக்குக்கூட முழுச் சரிவையும் தேய்த்தாக வேண்டும். கேரட்டைப் பிளக்கும் கத்தியும் இதுவே: அகன்ற தோள் இறங்கும்போது காயில் விரிசல் விழுந்து வாய்க்கு முன்னால் ஓடுகிறது.

சமையலில் குறையாகும் அதே குணம் விறகில் வரம். கத்தியின் முதுகில் கட்டையால் தட்டி விறகைப் பிளக்கும்போது, விரிசல் முந்திக்கொண்டு ஓட, வாய் மரத்தைத் தொடாமலே இறங்கும். தோள்தான் பிளக்கிறது. மெல்லிய தட்டைக் கத்தி இந்த வேலையில் மரத்தைப் போதுமான அளவு விலக்காமல், இரு பக்கமும் இறுகப் பிடிபட்டுச் சிக்கிக்கொள்ளும்.

குவிவுச் சரிவு

பக்கங்கள் வெளிப்பக்கம் புடைத்து, வளைந்தபடியே வாயில் சேர்வது குவிவுச் சரிவு. தோளே கிடையாது, எங்கும் முனையில்லாத வளைவு. கோடரி, நேபாளத்துக் குக்ரி, மலேசியப் பாராங் ஆகியவற்றின் வாய்கள் பெரும்பாலும் இப்படி அமைந்தவை. சுவீடனின் ஃபால்க்னிவன் எஃப்1 கத்தி 4.5 மி.மீ. கனத்தில் இதே சரிவோடு செய்யப்பட்டது. 1995-ல் அந்நாட்டு விமானப்படை தன் விமானிகளுக்கான உயிர்காப்புக் கத்தியாக ஏற்றுக்கொண்டது.

குவிவு என்றாலே உறுதி என்று சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. வாயிலிருந்து 5 மி.மீ. மேலே ஒரே கனம் உள்ள இரண்டு அலகுகளை ஒப்பிட்டால், புடைத்த அலகில் உலோகம் அதிகம், வாயின் கோணமும் அதிகம். அது உறுதியானது, நுழைவதில் மந்தமானது. மாறாக, இரண்டுக்கும் வாயின் கோணத்தை ஒன்றாக வைத்து ஒப்பிட்டால், நேர்ச்சரிவு அதே கோணத்தில் விரிந்துகொண்டே போகும். குவிவுச் சரிவு உள்பக்கம் வளைந்து மெலிந்துவிடும். இப்போது குவிவே வழுக்கிக்கொண்டு வெட்டும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு கத்திகள் எதிரெதிராக நடந்துகொள்வது இதனால்தான்.

மரத்தை வளைவின் ஒரு குறுகிய பகுதியில் மட்டும் தொடுவதால் குவிவுக் கத்தி சிக்குவது குறைவு. தீட்டுவதில்தான் பழக்கம் வேண்டும். கடினமான கல்லில் நேராக இழுத்தால் வளைவு தட்டையாகிவிடும். மெத்தென்ற அடித்தளத்தில் விரித்த உப்புத்தாளிலோ தோல்வாரிலோ, வாயைப் பின்னுக்கு வைத்து இழுக்க வேண்டும்.

இவற்றைத் தவிர, ஒரு பக்கம் மட்டும் சரித்து மறுபக்கத்தைத் தட்டையாக விடும் உளிச் சரிவும் உண்டு. ஜப்பானில் பச்சை மீனைச் சீவும் யனகிபா ஏறத்தாழ இந்த வகை. ஒரு பக்கம் மட்டும் தள்ளுவதால் கத்தி மறுபக்கம் திரும்பும்; வலக்கைக்காரருக்குச் செய்ததை இடக்கைக்காரர் பிடித்தால் ஒவ்வொரு வெட்டும் கோணலாகும்.

காடு வகுத்த வடிவம்

நார்டிக் நாடுகளின் பைனும் ஸ்ப்ரூசும் பிர்ச்சும் நேரிழை ஓடும், எளிதில் சீவ வரும் மரங்கள். அங்கே ஸ்காண்டியின் மெல்லிய வாய்க்கு ஆபத்து குறைவு. சீவும் துல்லியமே தேவை. மலேசியக் காட்டில் மூங்கிலும் பிரம்பும் கடின மரங்களும் வழிமறிக்கும்; கையை வீசி வெட்ட வேண்டும், அடியைத் தாங்கும் குவிந்த வாய் வேண்டும். இரண்டில் எது சிறந்தது என்று வாதாடுவது, எந்தக் காட்டில் நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டுப் பேசுவது.

ஒரே கத்தியில் எல்லாம் அடங்காது என்பதை, கத்தியோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் என்றோ தெரிந்துவைத்திருக்கிறார்கள். வடதுருவ வட்டத்தை ஒட்டிய சாமி மக்கள் கிளை வெட்ட ‘லெயுக்கு’ என்ற பெரிய கத்தியும், நுணுக்கமான வேலைக்குச் சிறியதும் வைத்துக்கொள்வார்கள். நம்மூர்ப் பனையேறிகள் மட்டை கழிக்க ஓர் அரிவாளும், பாளையை மெல்லிசாகச் சீவ வேறோர் அரிவாளும் வைத்திருப்பார்கள். மட்டையில் பட்டு மழுங்கிய வாய் பாளையை மெல்லிசாகச் சீவாது.

அடுத்த முறை கத்தி வாங்கும்போது முனையை உங்கள் பக்கம் திருப்பாமல், பிடியின் பக்கமிருந்து வெளிச்சத்தில் அலகை நீளவாக்கில் பாருங்கள். பக்கங்கள் நேராகவா, குழிந்தா, புடைத்தா என்பது தெரியும். கடைக்காரரிடம் வெர்னியர் இருந்தால், சிறு சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே கனத்தை அளக்கச் சொல்லுங்கள். கால் மில்லிமீட்டர் என்றால் அது சமையலுக்கும் மீனுக்கும். முக்கால் மில்லிமீட்டர் என்றால் விறகுக்கு. ‘என்ன ஸ்டீல்?’ என்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.