கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கும் இசை

ரவாங்கிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குச் செல்லும் காலை நேரக் கொமுட்டர் ரயிலில் காதில் இயர்போன் இல்லாத மாணவரைக் காண்பது அரிது. கைப்பேசி ஒரு பாடலுக்குப் பின் இன்னொன்றைத் தானாகவே இசைத்துக்கொண்டு போகும். ரயில் குவாங் நிலையத்தைத் தாண்டும்போது, இதுவரை கேட்டறியாத ஓர் இசை தொடங்குகிறது. டிரம்பெட், பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆகியவை ஒலிக்கின்றன. பாடகர் இல்லை, பாடல் வரியும் இல்லை. ஆயினும் கேட்பவரின் பாதம் தரையில் மெல்லத் தட்டத் தொடங்கிவிடுகிறது. அடுத்த கணம் அவர் கைப்பேசியின் திரையைப் பார்க்கிறார். புகழ்பெற்ற பெயர் என்றால், “அதனால்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறது” என்று எண்ணுகிறார். அறியாத பெயர் என்றால், விரல் அடுத்த பாடலுக்குத் தாவிவிடுகிறது. பாதம் சொன்ன தீர்ப்பைப் பெயர் மாற்றிவிடுகிறது.

பெயரை மறைத்துவிட்டால் காது என்ன சொல்லும்? இந்தக் கேள்வியை ஒரு விளையாட்டாகவே மாற்றியவர் லியோனார்ட் ஃபெதர் என்னும் இசை விமர்சகர். இலண்டனில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய அவர், 1946-ஆம் ஆண்டில் ‘மெட்ரோனோம்’ என்ற இதழில் ‘கண்கட்டுச் சோதனை’ என்னும் பகுதியைத் தொடங்கினார். ஓர் இசைக்கலைஞரை அழைத்து, யார் வாசித்தது என்று சொல்லாமல் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்வார். கலைஞர் தாம் கேட்டதைப் பற்றிக் கருத்துக் கூறி, நட்சத்திர மதிப்பெண்ணும் வழங்க வேண்டும். உண்மையில் யார் கண்ணையும் துணியால் கட்டவில்லை. மறைக்கப்பட்டது தட்டின் உறை மட்டுமே. முதல் சோதனைக்கு வந்தவர் மேரி லூ வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற பெண் பியானோ கலைஞர். பிறகு இச்சோதனை ‘டவுன்பீட்’ என்ற இதழுக்கு மாறி, இன்றுவரை அங்குத் தொடர்கிறது.

இச்சோதனைகளுள் அதிகம் பேசப்பட்டது 1951-இல் நடந்தது. அதற்கு உட்பட்டவர் ராய் எல்ட்ரிட்ஜ். ஜாஸ் உலகின் மிகச் சிறந்த டிரம்பெட் கலைஞர்களுள் ஒருவராகிய அவர், கறுப்பினத்தவர். ஓர் இசையைக் கேட்ட மாத்திரத்தில், வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்று தம்மால் கூறிவிட முடியும் என அவர் ஃபெதரிடம் பந்தயம் கட்டினார்.

அவர் ஏன் அவ்வாறு நம்பினார் என்பதை அறியாமல் இக்கதையைச் சொல்வது முறையாகாது. 1940-களில் ஜீன் குரூப்பா, ஆர்ட்டி ஷா ஆகிய வெள்ளையர்களின் இசைக்குழுக்களில் எல்ட்ரிட்ஜ் வாசித்தார். மேடையில் அவருக்குக் கைத்தட்டல் கிடைத்தது. ஆனால், குழுவினர் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. உணவகங்களில் அவருக்கு உணவு பரிமாற மறுத்தனர். ஒருமுறை, வாசலில் அவருடைய பெயர் எழுதப்பட்டிருந்த அரங்கிற்குள்ளேயே அவர் நுழையத் தடுக்கப்பட்டார். இத்தனை அவமானத்தைச் சந்தித்த ஒருவர், ‘எங்கள் இசை வேறு, அவர்கள் இசை வேறு’ என்று கருதியதில் வியப்பில்லை.

சோதனை முடிந்தது. எல்ட்ரிட்ஜ் சரியாகச் சொன்னதைவிடத் தவறாகச் சொன்னதும் சொல்ல முடியாமல் தயங்கியதுமே அதிகமாக இருந்தன. அவர் தோல்வியை மறைக்கவில்லை. பந்தயத்தில் தோற்றதை ஒப்புக்கொண்டார். அந்நேர்மைக்காகவே அவரை மேலும் மதிக்கலாம். வாசிப்பவரின் தோல் நிறம் காதுக்குக் கேட்பதில்லை என்பது அன்று வெளிப்பட்டது.

அப்படியானால், காதுக்குக் கேட்பதுதான் என்ன? ஜாஸ் கலைஞர்கள் இதற்குத் தரும் ஒரு சொல் ‘சுவிங்’. ஊஞ்சலாடுதல் என்பது இதன் நேர்பொருள். ‘இந்தக் குழு நன்றாகச் சுவிங் செய்கிறது’ என்பதே அவர்கள் தரும் உயர்ந்த பாராட்டு. கண்கட்டுச் சோதனைகளில் பலமுறை கேட்கப்படும் சொல்லும் இதுதான். இதனை விளக்கச் சொன்னால் பெரிய கலைஞர்கள்கூடத் தடுமாறுவர். தமிழ் இலக்கணம் படித்த மாணவருக்கோ இதன் முதற்படி மிக எளிது.

ஒரு தாளத்தட்டை இரண்டாகப் பகுத்தால், சம அளவில் ‘தக தக தக’ என்று ஒலிக்கும். சுவிங் இசையில் இவ்விரண்டும் சமமாக இருப்பதில்லை. முதல் ஒலி நீள்கிறது. இரண்டாவது ஒலி சுருங்குகிறது. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை என்பது மாணவர் அறிந்ததே. ‘தாவி தாவி தாவி தாவி’ என்று சீராகச் சொல்லிப் பார்த்தால் ‘தா’ இரண்டு பங்கும் ‘வி’ ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைத்தான் பல இசைப்பாட நூல்கள் சுவிங் என்று கற்பிக்கின்றன. மிருதங்கம் பயிலும் மாணவர் இதை வேறு வகையில் பெறலாம். திஸ்ர நடையில் ‘தகிட தகிட’ என்று சொல்லி, ‘கி’யை மட்டும் விழுங்கிவிட்டு அதற்குரிய நேரத்தை விட்டுவைத்தால் போதும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் ஒலிக்கும் காவடிச் சிந்து மெட்டுகள் பலவும் திஸ்ர நடையில்தான் அமைந்துள்ளன. அவை ஏன் ஜாஸ் போலக் கேட்பதில்லை? காரணங்கள் இரண்டு. காவடிச் சிந்தில் அழுத்தம் தாளத்தின் முதல் தட்டில் விழுகிறது. ஜாஸிலோ நான்கு தட்டுகளுள் இரண்டாவதிலும் நான்காவதிலும் கைதட்டத் தோன்றும். இது முதல் காரணம். மற்றொரு காரணம் இன்னும் நுட்பமானது. ஜாஸ் கலைஞர்கள் அந்த இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தை உண்மையில் எப்போதும் கடைப்பிடிப்பதில்லை.

இதனை அளந்து காட்டியவர்கள் ஆண்டர்ஸ் ஃபிரிபெர்க், ஆண்ட்ரியாஸ் சுண்ட்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள். புகழ்பெற்ற ஜாஸ் ஒலிப்பதிவுகளில் டிரம்ஸ் கலைஞர் பெரிய சிம்பல் தட்டில் எழுப்பும் ‘டிங், டிங்-க, டிங், டிங்-க’ என்ற ஒலியை அவர்கள் மில்லிவினாடிக் கணக்கில் அளந்து, 2002-இல் வெளியிட்டனர். மெதுவான இசையில் நீண்ட ஒலி, குறுகிய ஒலியைப் போல் மூன்றரை மடங்கு வரை நீண்டிருந்தது. மிக விரைவான இசையில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிட்டன. நடுத்தர வேகத்திலும் அதற்கு மேலும் குறுகிய ஒலி ஏறத்தாழ 100 மில்லிவினாடிக்குக் கீழ் செல்வதில்லை என்பதும் தெரிந்தது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். நிமிடத்திற்கு 200 தட்டுகள் என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 300 மில்லிவினாடி கிடைக்கிறது. குறுகிய ஒலிக்கு 100 போனால், நீண்ட ஒலிக்கு 200 எஞ்சும். அதாவது இரண்டுக்கு ஒன்று. வேகம் 300 தட்டுகளாக உயர்ந்தால், ஒரு தட்டின் நேரமே 200 மில்லிவினாடிதான். அப்போது 100-க்கு 100 என்றாகி, நெடில் குறில் வேறுபாடு மறைந்துவிடுகிறது. வேகம் 150 தட்டுகளாகக் குறைந்தால், 300-க்கு 100 என்று மூன்று மடங்காகிறது. இன்னும் மெதுவான இசையில் ‘தாவி’ என்பது ‘ஓடு’ என்பதை நெருங்குகிறது எனலாம். ‘ஓடு’ என்னும் சொல்லின் இறுதியில் உள்ள குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரைதானே! ஆகவே, அறியாத ஓர் ஒலிப்பதிவைக் கேட்டு, ‘இதில் ஒலிகள் சமமாக இருக்கின்றன, எனவே இது சுவிங் ஆகாது’ என்று முடிவு கட்டுபவர், முதலில் அதன் வேகத்தைக் கவனிக்க வேண்டும்.

விகிதம் மட்டுமே சுவிங் என்றால், கணினியே மிகச் சிறந்த ஜாஸ் கலைஞராகி இருக்கும். சரியான விகிதத்தில் கணினி வாசிக்கும் இசை பல வேளைகளில் உயிரற்றுக் கேட்பதை எவரும் உணரலாம். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் இப்புதிரை ஆராய்ந்தனர். ஒரே இசையைச் சிற்சில நேர மாற்றங்களுடன் பல வடிவங்களாக உருவாக்கி, எதில் என்ன மாற்றம் என்று சொல்லாமல் ஜாஸ் கலைஞர்களைக் கேட்கச் செய்தனர். இதுவும் ஒருவகைக் கண்கட்டுச் சோதனையே. முடிவு 2022-இல் வெளிவந்தது. தனி வாசிப்புக் கலைஞர் தட்டின் தொடக்கத்தில் விழும் சுரத்தை டிரம்ஸ், பேஸ் ஆகியவற்றைவிடச் சுமார் 30 மில்லிவினாடி தாமதித்து வாசித்து, தட்டின் இடையில் விழும் குறுகிய சுரத்தில் மட்டும் அவர்களோடு ஒன்றாகச் சேர்ந்துகொண்டால், அந்த வடிவமே அதிகம் சுவிங் செய்வதாகப் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தனர்.

30 மில்லிவினாடி என்பது கண்ணிமைக்கும் பொழுதைவிடக் குறைவு. அவ்வளவு சிறிய தாமதத்தை அனுபவமிக்க கலைஞர்களாலேயே ‘இதுதான்’ என்று சுட்டிக்காட்ட இயலவில்லை. ஏதோ ஓர் உராய்வு இருப்பதை மட்டும் உணர்ந்தனர். ஆய்வாளர்கள் 450-க்கும் மேற்பட்ட பழைய தனி வாசிப்புப் பதிவுகளைப் பரிசோதித்தபோது, பெரும்பாலான கலைஞர்கள் இத்தாமதத்தைக் கையாண்டிருப்பதைக் கண்டனர். வாசித்தவர்கள் அதனைத் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு அது அவர்களின் விரலில் படிந்திருக்கிறது.

கேட்டுப் படிந்ததுதான் என்பதற்கு மலேசியாவே சான்று. சுதந்திரத்திற்கு முந்தைய மலாயாவின் விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் பிலிப்பைன்ஸ் இசைக்கலைஞர்கள் ஜாஸ் வாசித்தனர். வானொலி இசைக்குழுவை வழிநடத்திய அல்போன்சோ சோலியானோ அந்த மரபில் வந்தவர். பி. ரம்லியின் இசையிலும் ஜாஸின் சாயல் உண்டு. பின்னாளில் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் ‘ஏசியாபீட்’ என்ற குழுவின்வழி ஆசியத் தாளக் கருவிகளையும் ஜாஸையும் இணைத்தார். இவர்களுள் ஒருவரும் ஜாஸ் பிறந்த அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர் அல்லர். பிரிக்பீல்ட்ஸில் மிருதங்கம் பயிலும் ஒரு மாணவர் நடைகளை எண்ணுவதில் பல ஜாஸ் இரசிகர்களைவிடத் தேர்ந்தவராகவே இருப்பார். அதே பயிற்சி அவருக்கு ஒரு தடையாகவும் ஆகலாம். ஒவ்வொரு மாத்திரையையும் அதற்குரிய இடத்தில் பிசகாமல் வைக்கப் பழகிய காதுக்கு, 30 மில்லிவினாடித் தாமதம் முதலில் பிழையாகத்தான் படும்.

கண்கட்டுச் சோதனையை வகுப்பிலும் செய்து பார்க்கலாம். ஒருவர் மூன்று ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்துப் பெயர் சொல்லாமல் ஒலிக்கச் செய்ய வேண்டும். மற்றவர்கள் முதல் முறை பாதத்தால் தட்டிக்கொண்டு மட்டும் கேட்கலாம். இரண்டாம் முறை சிம்பல் ஒலியை மட்டும் பின்தொடர்ந்து, அது ‘தாவி’யா, ‘ஓடு’வா, ‘தக’வா என்று குறித்துக்கொள்ளலாம். மூன்றாம் முறை தனி வாசிப்பவர் டிரம்ஸுக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வருகிறாரா என்று கவனிக்கலாம். கருத்தை எழுதி முடித்த பின்னரே பெயர்களை வெளியிட வேண்டும்.

அம்மூன்றில் ஒன்று கவுண்ட் பேசியின் இசைக்குழுவுடையதாக இருந்தால் நல்லது. அக்குழுவில் ஃபிரெடி கிரீன் என்பவர் 1937 முதல் 1987-இல் இறக்கும் வரை கித்தார் வாசித்தார். தனி வாசிப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு சுற்றுக்கு நான்கு தட்டுகள், நான்கும் சம அளவில். அதில் நெடிலும் இல்லை, குறிலும் இல்லை. பல பதிவுகளில் அந்தக் கித்தார் தனியாகக் காதில் விழுவதே கடினம். ஆனாலும் அக்குழுவின் சுவிங்குக்கு அடித்தளம் அதுதான் என்று உடன் வாசித்தவர்கள் மதித்தனர். சிம்பலுக்கும் பேஸுக்கும் நடுவே அது எங்கே ஒலிக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கச் சில நாள்கள் ஆகலாம்.