அந்தமான் ஈரமும் மரவாயுவும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மின்சாரம் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கும் டீசலையே நம்பியிருந்து வருவதால், தீவிலேயே கிடைக்கும் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து அந்த டீசலில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 1883இல் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலை இன்றும் இயங்கும் இத்தீவுகளில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உருவாக்கிய, மேல்வாய் திறந்த வாயுவாக்கி ஒன்று 100 கிலோவாட் திறனில் போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், நிறுவப்பட்டது.

முழுமையாக எரியப் போதாத அளவு காற்றை மட்டும் செலுத்தி, விறகைக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயுவாக மாற்றுவதே வாயுவாக்கம் எனப்படும். இதற்குத் தேவையான வெப்பத்தை விறகின் ஒரு பகுதியே எரிந்து தருகிறது என்பதால், விறகிலுள்ள நீரை ஆவியாக்கும் செலவும் அந்த விறகின் தலையிலேயே விழுகிறது. முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ மரத்தில் ஏறத்தாழ 18 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஆனால் அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராக இருக்கக்கூடும் என்பதையும், ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.5 மெகாஜூல் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

நீராவி முற்றிலும் பகையன்று. பழுக்கக் காய்ந்த கரியோடு வினைபுரிந்து அது ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் தருகிறது. ஆயினும் இவ்வினை வெப்பத்தை விழுங்குவது. ஈரம் மிகுந்தால் உலையின் நடுப்பகுதி குளிர்ந்து, கார்பன் மோனாக்சைடு குறைந்து, எரியாத கார்பன் டைஆக்சைடு பெருகி, வாயுவின் எரிதிறன் வீழ்கிறது. அதைவிடக் கேடானது, போதிய சூட்டில் சிதைந்து மறைய வேண்டிய தார் என்னும் பிசுபிசுப்பான எண்ணெய்ப்பொருள் வாயுவோடு வெளியேறி எஞ்சினின் வால்வுகளில் படிவதாகும். ஈர விறகு அடுப்பில் புகைவதும் இதே காரணத்தால்தான்.

எஞ்சினுக்கு வாயு தரும் இத்தகைய உலைகளுக்கு, விறகின் மொத்த எடையில் நீர் 15 முதல் 20 சதவீதத்தைத் தாண்டாதிருப்பது நல்லது. இங்கேதான் அந்தமானின் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும், இரு பருவக்காற்றுகளும், பெரும்பாலான நாட்களில் 80 சதவீதத்தை ஒட்டிய காற்றீரப்பதமும் உள்ள இடத்தில், மரத்தைக் கூரையின் கீழ் எத்தனை மாதம் அடுக்கி வைத்தாலும் அது காற்றோடு சமநிலை அடைந்து, ஏறக்குறைய 14 சதவீத ஈரத்தோடு நின்றுவிடும். பாதுகாப்பு எல்லைக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு மழைச்சாரல் போதும், எல்லை கடந்துவிட.

மரத்தைப் போலவே வாயுவாக்கக்கூடிய கழிவுநீர்ச் சேற்றின் நிலை இன்னும் கடுமையானது. இயந்திரத்தில் பிழிந்த பின்னும் அதில் 75 முதல் 80 சதவீதம் நீரே எஞ்சும். உலர்சேற்றின் ஆற்றல் கிலோவுக்கு 12 மெகாஜூல் எனக் கொண்டால், 80 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ சேற்றில் இருப்பது 2.4 மெகாஜூல், அதை உலர்த்தவோ ஏறத்தாழ 2 மெகாஜூல் தேவை. ஜெர்மனியின் பாலிங்கனில் சேற்றை வாயுவாக்கியவர்கள் சூரிய வெப்பத்தால் முதலில் உலர்த்திக்கொண்டதன் காரணம் இதுவே. அந்தமானின் நீண்ட மழைமாதங்களில் அந்த வழியையும் முழுமையாக நம்ப இயலாது.

ஆகவே இத்தீவுகளில் வாயுவாக்கி அமைக்க எண்ணுவோர், உலையின் திறனைத் தீர்மானிப்பதற்கு முன்பே, எஞ்சின் புகைக்குழாயில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு மரத்துண்டுகளை உலர்த்தும் அமைப்புக்கும், சாரல் புகாத கிடங்குக்கும் திட்டமதிப்பீட்டில் இடம் ஒதுக்க வேண்டும்.