ஒரே தொட்டியில் குறுங்கெளுத்திகள்

சென்னையிலிருந்து வடக்கே நெல்லூரை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், திருப்பதிச் சாலை வந்து சேருமிடத்தில் அமைந்திருக்கிறது நாயுடுபேட்டை. சுவர்ணமுகி ஆற்றை ஒட்டிய இவ்வூர் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. வண்ணமீன் வளர்க்க விழையும் இவ்வட்டாரக் குடும்பங்களுக்கு எட்டும் தொலைவிலுள்ள பெருஞ்சந்தை வடசென்னையின் கொளத்தூர். காலையில் அங்கே வாங்கிய மீனை நண்பகலுக்குள் வீட்டுத் தொட்டியில் விட்டுவிடலாம். ஆயின், தை மாதத்தில் வாங்கிய மீன் வைகாசியிலும் உயிரோடிருக்குமா என்பது வேறு கேள்வி. அக்கேள்வியை, இன்று பலரும் விரும்பிக் கேட்கும் குறுங்கெளுத்தி மீன்களைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

இரண்டடித் தொட்டிக்கு மேல் வைக்க இடமில்லாத வீடுகளில் இம்மீன்களுக்கு மதிப்பு மிகுதி. முழுமையாக வளர்ந்த பின்னும் இவற்றுள் பல இரண்டு முதல் மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. கெளுத்தி என்னும் மீனினமும் நமக்குப் புதியதன்று. சங்கப் பாடல்கள் கெளிறு என்று குறிப்பதும், தெலுங்கில் ஜெல்ல என்று வழங்குவதும் இக்குடும்பத்து மீன்களையே. வாயோரத்து மீசையும், முதுகிலும் மார்புத் துடுப்புகளிலும் நிமிர்ந்து நிற்கும் முள்ளும் இவற்றின் அடையாளங்கள். மூன்று நான்கு வகைக் குறுங்கெளுத்திகளை ஒரே தொட்டியில் கலந்து வளர்க்கலாமா என்று கேட்போருக்கு, வளர்க்கலாம் என்பதே நம் விடை. ஆனால் ‘சிறியது’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிக் கலந்தால் பொருளும் உயிரும் ஒருங்கே வீணாகும்.

முதல் இடர் நம் ஏரிகளிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரிக் கால்வாய்களிலும் வயல் வரப்புகளிலும் பிடிபடும் கோடு போட்ட கெளுத்திக் குஞ்சு மிக அழகியது. விரல் நீளம்கூட இல்லாத அதைக் கண்ட சிறுவர்கள் தொட்டிக்குக் கொண்டுவருவது இயல்பே. 1794இல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் பெயரிட்ட மிஸ்டஸ் விட்டாட்டஸ் என்னும் இம்மீன், 10 சென்டிமீட்டரை எளிதில் கடந்து வளரும். இரவில் இரை தேடும் பழக்கமுடையது. வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு உணவே. விளக்கணைந்த பின் இரண்டு சென்டிமீட்டர் மீன்களோடு அது ஒரு தொட்டியில் இருந்தால், ஒவ்வொரு காலையும் எண்ணிக்கை குறைந்து காணப்படும். காரணம் புலப்படாமல் வீட்டார் நீரைப் பழிப்பர். கடைகளில் குஞ்சுப் பருவத்தில் விற்கப்படும் செவ்வால் கெளுத்தியோ இதனினும் பெரிய ஏமாற்று. அமேசான் ஆற்றைச் சேர்ந்த அம்மீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ‘இப்பொழுது எவ்வளவு?’ என்பதன்று, ‘முழுமையாக வளர்ந்தால் எவ்வளவு?’ என்பதே.

அச்சமின்றிக் கலக்கத் தக்கவை தென்னமெரிக்காவின் கோரிடோராஸ் குழுவைச் சேர்ந்த மூன்று குறு மீன்கள். 2024இல் ஆய்வாளர்கள் இப்பெரும் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டனர். என்றாலும் சந்தையில் பழைய பெயரே நிலைத்திருப்பதால் நாமும் அதையே ஆள்கிறோம். கடைகளில் மூன்றும் ‘பிக்மி கோரி’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. உற்று நோக்கினால் வேறுபாடு எளிதில் புலப்படும். பிக்மேயஸ் என்பதற்கு உடலின் நடுவே மூக்கிலிருந்து வால் வரை ஒரு கருங்கோடு ஓடும். பிரேசிலின் மதெய்ரா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இதற்கு 1966இல் பெயரிடப்பட்டது. ஹஸ்டாட்டஸ் என்பதற்குக் கோடு கிடையாது. வாலடியில் வேல்முனை போன்ற ஒரு கரும்புள்ளி உண்டு. வேலேந்தியது என்பதே அப்பெயரின் பொருள். ஹப்ரோசஸ், வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுப் படுகைக்குரியது. உடலெங்கும் திட்டுத்திட்டாகப் புள்ளிகள் கொண்ட இது மற்ற இரண்டையும்விடச் சற்றே பருத்தது.

தோற்றத்தைவிட முக்கியமானது இவற்றின் வாழிடம். கெளுத்தி என்றாலே அடித்தரையில் கிடக்கும் மீன் என்று எண்ணுகிறோம். ஹப்ரோசஸ் அப்படித்தான், நாள் முழுவதும் மணலைக் கிளறியபடி இருக்கும். பிக்மேயசும் ஹஸ்டாட்டசும் அவ்வாறல்ல. அவை நீரின் நடுப்பகுதியில் கூட்டமாக நீந்தும். களைத்தால் இலைகளின்மீது அமர்ந்து ஓய்வெடுக்கும். ஹஸ்டாட்டஸ் தன் தாயகத்தில் தன்னைப் போன்றே வாற்புள்ளி கொண்ட சிறு டெட்ரா மீன்களின் கூட்டத்தில் கலந்து திரிவதுண்டு. ஆகவே நடுநீரில் ஒன்று, தரையில் ஒன்று என இரு வகைகளைச் சேர்த்தால் இடத்துக்கும் இரைக்கும் போட்டி எழாது. பிக்மேயசும் ஹப்ரோசசும் சேர்ந்த இணையே நம் கண்ணுக்கு மிகப் பொருத்தமானது.

இங்கே பெரும்பாலோர் சறுக்குவது எண்ணிக்கையில்தான். ‘வகைக்கு இரண்டு’ என்று கல்யாண வீட்டுச் சீர்வரிசை போல வாங்கிச் செல்வோர் பலர். இவை கூட்ட மீன்கள். தன்னினத்தார் ஐந்தாறு பேரேனும் அருகில் இல்லாவிடில் இம்மீன் அஞ்சி மூலையில் ஒடுங்கும், உண்ணாது, மெலியும். வேற்று வகைக் கோரி பக்கத்தில் இருப்பது அக்குறையை முழுதும் நீக்காது. ஆதலால் ஒவ்வொரு வகையிலும் எட்டு முதல் பத்து வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். அதில் இரு வகைகள், மொத்தம் இருபது மீன்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாம் வகையும் வேண்டுமெனில் மூன்றடித் தொட்டிக்கு இடம் தேட வேண்டும். நான்கு வகைகளில் இவ்விரண்டு மீன்கள் இருக்கும் தொட்டியைவிட, ஒரே வகையில் பத்து மீன்கள் துள்ளித் திரியும் தொட்டி பன்மடங்கு அழகானது என்பது நம் துணிபு.

தரைக்கு மென்மணல் இன்றியமையாதது. கூர்முனைச் சரளைக் கற்களில் கிளறும் கோரியின் மீசை தேய்ந்து புண்ணாகும்; மீசையிழந்த மீன் இரையைத் தேடி அறியும் ஆற்றலை இழக்கும். ஆற்று மணலாயினும் நன்கு சலித்து, நீர் தெளியும் வரை கழுவியே இட வேண்டும்.

நீரைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது தேவை. கடலோரத்தை ஒட்டிய இப்பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமும் மிக்கது. குறுங்கோரிகளோ மென்னீர் மீன்கள். வீட்டில் ஆர்.ஓ. கருவி இருந்தால் தீர்வு எளிது. எடுத்துக்காட்டாக, கிணற்று நீரின் டி.டி.எஸ். அளவு 900, ஆர்.ஓ. நீரின் அளவு 50 என்று கொள்வோம். ஒரு குடம் கிணற்று நீருக்கு மூன்று குடம் ஆர்.ஓ. நீர் கலந்தால் அளவு 260ஐ ஒட்டி நிற்கும், அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தூய மொட்டை மாடியிலிருந்து பிடித்த நீரும் அவ்வாறே பயன்படும், முதல் மழையை மட்டும் ஓடவிட்டுவிட வேண்டும். நகராட்சிக் குழாய் நீராயின் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம்.

இனி வெயில். குறுங்கோரிகளுக்கு உகந்த வெப்பம் 22 முதல் 26 பாகை செல்சியஸ். நாயுடுபேட்டையில் மே மாதத்தில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாள்கள் உண்டு. மூடிய அறையில் வைத்த சிறு தொட்டியின் நீர் 32 பாகையைத் தொடுவது அரிதன்று. வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் உயிர்வளி குறைகிறது. 25 பாகையில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் அது 7.5 ஆகிவிடும். அதே வேளையில் மீனின் தேவையோ கூடுகிறது. கோரி மீன்களுக்கு இயற்கை ஒரு மாற்று வழி அளித்திருக்கிறது: மேலே விரைந்து வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி, குடலின் வழியே அதிலுள்ள உயிர்வளியை ஈர்த்துக்கொள்ளும். எப்போதேனும் இவ்வாறு செய்வது அதன் இயல்பு. நிமிடத்துக்கு ஒருமுறை மேலெழுந்தால் அது நம்மிடம் முறையிடுகிறது என்று பொருள்.

இதற்குக் குளிர்சாதனம் வேண்டியதில்லை. நீர்ப்பரப்பின்மீது சாய்வாகக் காற்று வீசும் ஒரு சிறு மின்விசிறி, ஆவியாதலின் மூலம் இரண்டு முதல் நான்கு பாகை வரை தணிக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் பயன் குறையும். நீர் ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த நீரை ஈடுசெய்யக் கிணற்று நீரை ஊற்றக் கூடாது, ஆர்.ஓ. நீரோ மழை நீரோ மட்டுமே ஊற்ற வேண்டும். பனிக்கட்டியை நேரே போடுவதும் தீது, திடீர் மாற்றமே பல மீன்களைக் கொல்கிறது. தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து விலக்கி, வீட்டின் நடுக்கூடத்தில் வைப்பதே செலவில்லாத முதல் மருந்து.

மின்செலவை அஞ்சுவோர்க்கு ஒரு கணக்கு. 5 வாட் காற்றுக்குழாய் இயந்திரம் இரவுபகல் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 அலகுதான். 12 வாட் விசிறி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மற்றுமொரு 3.6 அலகு. மின்தடைக்கெனக் கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கில் இயங்கும் சிறு காற்றுக்குழாய் இயந்திரம் ஒன்றை வாங்கி வைப்பது, மீன் வாங்குவதற்கும் முன் செய்ய வேண்டிய செலவு.

தொட்டியில் நீர் நிரப்பிய மறுநாளே மீன் விடுவது மற்றொரு வழக்கம். மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சு வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புரட்டாசி இறுதியில் தொட்டியை அமைத்தால், மழையும் குளிர்ச்சியும் நிலவும் கார்த்திகையில் மீன் விடலாம். கோடைக்கு முன் அவற்றுக்கு ஐந்து மாதம் கிடைக்கும். மீன் விட்ட பிறகு வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும்.

கொளத்தூரில் வாங்கும்போது, முந்தைய நாள் வந்திறங்கிய மீனை விலக்கி, ஒரு வாரமேனும் கடையில் இருந்ததைக் கேட்டு வாங்குக. வயிறு ஒட்டியதும் மீசை தேய்ந்ததும் வேண்டா. தெர்மோகோல் பெட்டியில் பையை வைத்துக் கொண்டுவருவது நலம். வலையால் பிடித்தால் முட்கள் சிக்கிக்கொள்ளும். குவளையால் முகப்பதே தக்கது. வீட்டில் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்த பின்னரே மீனை விடுக. நோய் கண்டால் கல்லுப்பைக் கைப்பிடியாகப் போடும் வழக்கம் கோரிகளுக்கு ஆகாது.

இவை பெருகுமா? பெருகும். குளிர்ந்த மழைநீரால் நீர் மாற்றிய மறுநாள் பெண்மீன் கண்ணாடியிலும் இலைகளிலும் முட்டைகளை ஒட்டும். அவற்றைத் தனிக் கலத்துக்கு மாற்றாவிடில் பெற்றோரே உண்டுவிடும். இதை வருவாயாக்க எண்ணுவோர், 2020இல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டம் வீட்டுப்புற வண்ணமீன் வளர்ப்பு அலகுகளுக்கும் மானியம் வகுத்தது என்பதை அறிந்திருப்பர்: பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடு, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கு 60 விழுக்காடு. கூடத்துத் தொட்டி ஒன்றை நம்பிக் கடன் வாங்குவதை நாம் ஊக்குவிக்க மாட்டோம். ஓராண்டு வளர்த்து, ஒரு கோடையைக் கடந்து, குஞ்சுகளையும் காப்பாற்றிய பின் கிளைக்கு வந்து பேசுவது நன்று.

நிறைவாக நம் நாட்டுக் குறுங்கெளுத்தி ஒன்று. 1840களில் நெல்லூரில் அரசு மருத்துவராகப் பணிபுரிந்த தாமஸ் ஜெர்டன், இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலால் பெரும்புகழ் எய்தியவர். தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றியும் எழுதியவர். நாயுடுபேட்டை அடங்கியிருந்த அந்த நெல்லூரின் மருத்துவரைச் சிறப்பிக்கும் வகையில், 1870இல் பிரான்சிஸ் டே ஒரு சிறு கெளுத்திக்கு ஜெர்டோனி என்று பெயரிட்டார். பிரம்மபுத்திரா, சில்ஹெட் பகுதிகளில் வாழும் இது இன்று எரெதிஸ்டெஸ் ஜெர்டோனி எனப்படுகிறது. மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். சருகைப் போலவும் சிறு கல்லைப் போலவும் அசையாது கிடக்கும். எவரையும் துன்புறுத்தாது. ஆனால் கோரிகளைவிடவும் குளிர்ந்த நீரை வேண்டுவதால், கோடையில் தொட்டி நீரை 25 பாகைக்குள் நிறுத்த இயலாத வீட்டுக்கு இதை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. இயன்ற வீட்டிலும் ஒரு கவனம் தேவை. கோரிகள் சுறுசுறுப்பானவை, இட்ட இரையை நொடியில் தீர்த்துவிடும். ஜெர்டோனியோ இரவில் மெல்ல நகர்ந்து உண்பது. கலப்புத் தொட்டியில் அது பட்டினியால் மடிவதே மிகுதி. கோரிகளுக்கு மாலையில் ஊட்டிவிட்டு, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, ஜெர்டோனி ஒளிந்திருக்கும் கல்லருகே ஒரு நீண்ட குழலால் புழு இரையை இறக்கலாம். அவ்வப்போது அதன் மேற்றோல் மெல்லிய சவ்வாக உரிந்து தொங்குவதைக் கண்டு மருந்து ஊற்ற வேண்டா. அது நோயன்று, அம்மீன் தோலுரிக்கும் இயல்புடையது.