635318657

635318657 (அறுபத்து மூன்று கோடியே ஐம்பத்து மூன்று இலட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு) என்பது ஓர் இயல் எண் ஆகும். இரண்டு நேர் முழு எண்களின் நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய எண்களுள் இதுவே மிகச் சிறியது.

635318657 = 59⁴ + 158⁴ = 133⁴ + 134⁴

விரித்து எழுதினால்:

12117361 + 623201296 = 635318657
312900721 + 322417936 = 635318657

இராமானுசனும் இவ்வெண்ணும்

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன் (1887-1920), இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் நோயுற்று இலண்டனின் பட்னி பகுதியில் இருந்தார். அவரைக் காணச் சென்ற கணிதவியலாளர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என இராமானுசன் உடனே விடையளித்தார் (1³ + 12³ = 9³ + 10³). இந்நிகழ்ச்சி பலரும் அறிந்தது.

இதன் தொடர்ச்சி அவ்வளவாக அறியப்படவில்லை. நான்காம் அடுக்குகளுக்கு இத்தகைய எண் எது என ஹார்டி வினவினார். சற்றுச் சிந்தித்த இராமானுசன், எடுத்துக்காட்டு எதுவும் தமக்குத் தெரியவில்லை என்றும், அத்தகைய முதல் எண் மிகப் பெரியதாக இருக்க வேண்டும் என்றும் கூறினார். அவ்வெண்ணே 635318657. இதை 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கண்டறிந்திருந்தார். இது 1729ஐப் போல் ஏறத்தாழ 3,67,000 மடங்கு பெரியது. இராமானுசனின் கணிப்பு சரியாகவே இருந்தது.

பெரிய எண்ணாக இருப்பதன் காரணம்

1 முதல் 12 வரையுள்ள எண்களைக் கொண்டு 78 இணைகள் அமைக்கலாம் (ஒரே எண் இருமுறை வருவதும் இதில் அடங்கும்). அவற்றின் கனங்களைக் கூட்டும்போதே 1729 கிடைத்துவிடுகிறது. நான்காம் அடுக்குகளோ மிக விரைவாக வளர்வதால், அவற்றின் கூட்டுத்தொகைகள் எண்கோட்டில் மிகவும் விலகி நிற்கின்றன. 1 முதல் 158 வரையுள்ள எண்களால் அமையும் 12561 இணைகளில் ஒரே ஒரு முறை மட்டுமே இரு கூட்டுத்தொகைகள் சமமாகின்றன. இப்பண்புடைய அடுத்த எண் 3262811042 (7⁴ + 239⁴ = 157⁴ + 227⁴).

பிற பண்புகள்

* பகாக் காரணிகள்: 41 × 113 × 241 × 569. இந்நான்கையும் 8ஆல் வகுத்தால் மீதி 1 கிடைக்கும். பொதுக் காரணி இல்லாத இரு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டிவரும் எண்ணின் ஒற்றைப் பகாக் காரணிகள் அனைத்திற்கும் இது பொருந்தும்.
* இதற்கு 16 வகுஎண்கள் உள்ளன.
* இதனை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எட்டு வழிகளில் எழுதலாம். 3481² + 24964², 17689² + 17956² ஆகியன அவற்றுள் இரண்டு.

தீர்வு காணப்படாத வினாக்கள்

இரு கனங்களின் கூட்டுத்தொகையாக மூன்று வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 87539319 ஆகும். நான்காம் அடுக்குகளில் மூன்று வழிகளில் எழுதக்கூடிய எண் எதுவும் இதுவரை அறியப்படவில்லை. ஐந்தாம் அடுக்குகளில் இரு வழிகளில் எழுதக்கூடிய எண்கூடக் கிடைக்கவில்லை. அத்தகைய எண்கள் இல்லை என்றும் எவரும் நிறுவவில்லை.