அப்பா அம்மா பேரில் பள்ளிக்கு ஒரு நிதி



பெற்றவர்கள் காலமானால் திதி கொடுக்கிறோம், அன்னதானம் போடுகிறோம். சில குடும்பங்கள் பெற்றோர் பேரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொகையை எழுதி வைக்கிறார்கள். இதற்கு அறக்கட்டளை நிதி என்று பெயர். கோயிலில் விளக்குக்கும் பூஜைக்கும் 'கட்டளை' வைப்பார்களே, ஏறக்குறைய அதே மாதிரிதான்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் அதிகம். தாயும் தகப்பனும் உளவியலாளர்களாக இருந்திருந்தால், பிள்ளைகளின் மனநலத்துக்கென்றே அந்த நிதியை வைப்பதுண்டு. உளவியலாளர் மாத்திரை எழுதிக் கொடுப்பவர் அல்ல. பேச வைத்து, காது கொடுத்துக் கேட்டு, மனசுப் பாரத்தை இறக்க வழி காட்டுபவர். நிதியிலிருந்து வரும் பணத்தில் பள்ளிக்கு ஓர் ஆலோசகரை வரவழைக்கலாம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். பெற்றோர் செய்த வேலை அவர்களுக்குப் பிறகும் நடக்கும்.

பணம் எப்படித் தீராமல் இருக்கிறது?

நம் குழுவில் சேமிப்பைச் சுற்றுக்கு விடுகிறோம். இங்கே அப்படி இல்லை. முதலைத் தொடக் கூடாது, வட்டியை மட்டும்தான் செலவு செய்யலாம். ஒரு கணக்குப் பார்ப்போம். வங்கியில் 1,00,000 ரூபாய் வைப்பு, வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரும். அதில் 5,000 ரூபாயைப் பிள்ளைகளுக்குச் செலவழித்து, 1,000 ரூபாயை முதலோடு சேர்க்க வேண்டும். ஏன்? விலைவாசி ஏறிக்கொண்டே போகுதே! முதல் வளராவிட்டால், இன்று 10 பிள்ளைக்கு நோட்டு வாங்கும் பணம் நாளைக்கு 4 பிள்ளைக்குக்கூடப் போதாது.

எழுத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

சென்னைப் பச்சையப்பன் கல்லூரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழையாகப் பிறந்து பெரும் பொருள் சேர்த்த பச்சையப்ப முதலியார், தர்மங்களுக்குச் சொத்தை உயில் எழுதி வைத்துவிட்டு 1794-ல் காலமானார். பிறகு வழக்கு மேல் வழக்கு. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, கோயில் தர்மங்கள் போக மீதியைக் கல்விக்கு ஒதுக்கியது. அந்தப் பணத்தில் பள்ளி திறந்தது 1842-ல்! நடுவில் ஏறக்குறைய 48 வருஷம் ஓடிப்போச்சு. நோபல் பரிசும் இப்படி ஒரு நிதிதான். நோபல் 1895-ல் உயில் எழுதினார். சொந்தக்காரர்கள் சிலர் எதிர்த்தார்கள். முதல் பரிசு 1901-ல்தான் கொடுக்க முடிந்தது.

ஆகவே நிதி வைப்பவர்கள் இதையெல்லாம் எழுத்தில் வைக்க வேண்டும்:

1. பணம் எந்த வங்கியில், யார் பேரில் இருக்கும்?
2. யார் யார் கையெழுத்துப் போட்டால் எடுக்கலாம்? (ஒருவர் மட்டும் போதாது.)
3. எதற்குச் செலவு? எந்தப் பிள்ளைகளுக்கு?
4. வட்டியில் எவ்வளவு முதலோடு சேர வேண்டும்?
5. வருஷக் கணக்கை யாரிடம் காட்ட வேண்டும்?
6. பள்ளி மூடப்பட்டால் பணம் எங்கே போகும்?

நமக்கு இதில் என்ன வேலை?

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம்மில் பல பேர் அதில் இருக்கிறோம். யாரோ நம் பள்ளிக்குப் பணம் கொடுத்தால், "வாங்கியாச்சு, நன்றி" என்று விட்டுவிடாதீர்கள். தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வருஷா வருஷம் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். குழுக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதுகிற நமக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

நிதி வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் திட்டாதீர்கள், உட்கார வைத்துக் கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள், சகோதரிகளே.