வெங்காய விலையாற் பிறந்த சந்தை

வெங்காயத்தின் விலை ஏறியதால் ஒரு சந்தை பிறந்தது என்று கூறினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலே, கடலை நோக்கிய மேட்டுநிலத்தில் அமைந்த சியற்றில் நகரத்தில் நடந்தது இதுவேயாகும். அங்குள்ள பைக் பிளேஸ் சந்தையின் கதையையே இன்று கூற எண்ணினோம்.

1906 ஆம் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்குமிடையில் அந்நகரில் வெங்காய விலை பத்து மடங்காயிற்று. விளைவித்த கமக்காரனுக்கோ அதனாற் பயனேதும் உண்டாகவில்லை. அவன் தன் விளைபொருளைத் துறைமுகத்தை அடுத்த தெருவிலிருந்த தரகுக் கடைகளில் ஒப்படைக்க வேண்டும். தரகர் அதனை விற்று, தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பர். சில வேளைகளில் மிச்சமே இராது. விற்பவனும் நொந்தான், வாங்குபவளும் நொந்தாள். இந்நிலையில் நகரசபை உறுப்பினராகிய தோமஸ் ரெவெல் என்பார், பொதுச்சந்தை நிறுவ இடமளிக்கும் 1896 ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தேடியெடுத்துச் சபையின் முன் வைத்தார். கமக்காரர் தம் வண்டிகளை நிறுத்தி நேரிலேயே விற்பதற்கு ஒரு தெரு ஒதுக்கப்பட்டது.

1907 ஓகஸ்ட் 17, சனிக்கிழமை, சந்தை கூடியது. வந்த வண்டிகள் பத்தளவில். வாங்க வந்தோரோ ஆயிரக்கணக்கினர். உச்சிப்பொழுதுக்கு முன்னரே வண்டிகள் வெறுமையாயின. வெறுங் கூடையோடு திரும்பிய இல்லத்தரசிகள் பலர். ஆனால் அடுத்த சனிக்கிழமை எழுபது வண்டிகள் வந்து நின்றன! பொன் தேடி வடக்கே சென்று செல்வத்துடன் மீண்ட பிராங் குட்வின் என்பவர் அருகில் நிலம் வைத்திருந்தார். நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த மனிதர்; நவம்பர் முடியுமுன் கூரையிட்ட முதற் கட்டடத்தை எழுப்பிவிட்டார். 1918 இல் மீன்விலை ஏறியபோது, விலையைத் தாழ்த்துவதற்காக நகரசபையே அங்கு ஒரு மீன்கடை திறந்தது.

முதற் சில ஆண்டுகளிலேயே யப்பானியக் குடியேறிகள் பலர் இச்சந்தையில் இடம்பெற்றனர். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் நிறைந்து கிடந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு நிலங்களைத் திருத்தி, கீரையும் முள்ளங்கியும் ஸ்ட்ரோபெரிப் பழமும் விளைவித்த குடும்பங்கள் அவை. 1921 இல் வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்குவதும் குத்தகைக்கு எடுப்பதும் அதனால் தடைசெய்யப்பட்டன. யப்பானிற் பிறந்தவர் குடியுரிமை பெறவியலாது என்பது அந்நாளைய நாட்டுச் சட்டம். ஆக, பெயரைக் குறியாமலே ஓரினத்தாரை நிலத்தினின்றும் விலக்கும் தந்திரம் அது. அங்கு பிறந்த பிள்ளைகளின் பெயரிலும் நண்பர் பெயரிலும் நிலம் வைத்து அவர்கள் தொடர்ந்து உழைத்தனர். இரண்டாம் உலகப் போர் அமெரிக்காவை எட்டியபோது, சந்தையின் மரக்கறி மேசைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் வசமிருந்தது.

1942 பெப்ரவரி 19 ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் ஓர் ஆணையிற் கையொப்பமிட்டார். மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர், கையிற் சுமக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேற நேர்ந்தது. அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணிற் பிறந்த குடிமக்கள். சியற்றில் வாசிகள் முதலில் பியூயாலப் என்னும் ஊரின் கண்காட்சி மைதானத்தில் அடைக்கப்பட்டனர். பின்னர் ஐடஹோ மாநிலத்து வறண்ட வெளியிலிருந்த மினிடோக்கா முகாமுக்குப் புகைவண்டியில் அனுப்பப்பட்டனர். வயல்களில் ஸ்ட்ரோபெரி பழுக்கும் தறுவாய் அது. பறிப்பதற்கு உரியவர்கள் இல்லை.

சந்தை மேசைகள் வெறிச்சோடின. 1939 இல் ஐந்நூறுக்கு மேற்பட்டிருந்த கமக்காரர் தொகை, 1949 இல் அறுபதுக்கும் கீழே இறங்கியது. குளிர்சாதனப் பெட்டியும் பெருங்கடைகளும் வந்தமையும், விளைநிலங்களில் ஆலைகள் எழுந்தமையும் காரணங்களே. ஆயினும் போர் முடிந்த பின்னும் பழைய மேசைகளுக்கு மீண்டவர் மிகச் சிலர் என்பதை மறைத்தற்கில்லை. அரசு மன்னிப்புக் கோரி, அன்று உயிரோடிருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டொலர் வழங்க இசைந்தது 1988 இல். அதற்குள் அம்மேசைகளில் நின்ற முதியோருட் பலர் மறைந்துவிட்டனர்.

நலிந்த சந்தையை இடித்து, ஹோட்டலும் மாடிவீடுகளும் வாகனத் தரிப்பிடமும் கட்டுவதற்கு 1963 இல் திட்டம் தீட்டினர். நகரத்துப் பெரியோர் பெரும்பாலும் அதற்குச் சார்பாகவே இருந்தனர். எதிர்த்து நின்றவருள் முதல்வர் கட்டடக்கலைப் பேராசிரியரான விக்டர் ஸ்ரைன்புரூக். சந்தையின் தூண்களையும் மாந்தரையும் கோட்டோவியங்களாக வரைந்து நூலாக்கியவர் அவர். அவரும் நண்பர்களும் வீடு வீடாகவும் தெருத் தெருவாகவும் கையொப்பம் திரட்டினர். 1971 நவம்பர் 2 ஆம் நாள் வாக்கெடுப்பில், நகர மக்களில் ஐந்தில் மூன்று பங்களவினர் சந்தையின் பக்கம் நின்றனர். ஏழு ஏக்கர் நிலம் காக்கப்பட்டது. கட்டடங்களை மட்டும் காத்து உள்ளே நாகரிகக் கடைகளை நிரப்பியிருந்தால் இதனை நாம் எழுதியிரோம். அங்கே வறிய முதியோர்க்கு வீடுகளும், மருத்துவ நிலையமும், குழந்தைகள் பராமரிப்பிடமும் உண்டு. வாயிலில் நிற்கும் ரேச்சல் என்னும் வெண்கலப் பன்றி ஓர் உண்டியல். 1986 முதல் அதன் வயிற்றில் விழும் காசு இவ்வறப்பணிகளுக்கே செல்கிறது.

இனி உணவுக்கு வருவோம். நம் வீடுகளில் தகரப் பேணி மீனுக்குச் ‘செமன்’ என்ற பெயர் வழங்கக் காரணமான சல்மன் மீனை, பனிக்கட்டிப் படுக்கையில் முழுதாகக் காணுமிடம் இது. ஒரு கடையில், வாங்குவோர் சுட்டிய மீனைத் தூக்கி எறிய, அப்பால் நிற்பவர் ஏந்திப் பிடிப்பார். இன்று வேடிக்கையாகிவிட்ட இவ்வழக்கம், மீனுக்கும் தராசுக்குமிடையே பலமுறை நடப்பதைத் தவிர்க்கவே தோன்றியது. டன்ஜினஸ் நண்டின் சதை இனிமையானது. கூயிடக் என்னும் பெருமட்டியோ நூறாண்டுக்கு மேலும் வாழவல்லது. தோற்றத்தில் அழகியது என்று கூற நமக்கு மனம் வரவில்லை. மட்டிச் சதையை உருளைக்கிழங்குடனும் பாலாடையுடனும் வேகவைத்த தடித்த சூப்பு, மழை ஓயாத மாரிக்கு ஏற்றது. கோடையில், மஞ்சளிற் சிவப்புப் படர்ந்த ரெய்னியர் செரி வரும். 1952 இல் அம்மாநிலத்திலேயே உருவாக்கிய இனம். வெங்காயத்தையும் மறந்தோமில்லை. கிழக்கே வாலா வாலாப் பள்ளத்தாக்கில் விளைவது, கோர்சிக்காத் தீவிலிருந்து வந்த வித்தின் வழியது. காரம் மிகக் குறைவாதலால் பச்சையாகவே பாணின் நடுவில் வைத்து உண்பர்.

நீண்ட மேசைகளில் இன்று மிகுதியாகக் காண்பது பூங்கொத்து. லாவோஸ் நாட்டுப் போரினால் ஊர் துறந்து வந்த மொங் என்னும் மலைநாட்டு மக்கள், 1980களின் தொடக்கத்திலே இங்கு வந்து முதலில் மரக்கறி விற்றனர். பின்னர் மலர்ச் செய்கைக்கு மாறினர். யப்பானியக் கமக்காரரின் உழைப்பையும் வெளியேற்றத்தையும் காட்டும் ஐந்து ஓவியப் பலகைகள் வாயிலருகில் மேலே பதிக்கப்பட்டுள்ளன; யப்பானிற் பிறந்த அகி சொகாபே என்னும் பெண்மணியின் கைவண்ணம் அது. கீழே, காலைதோறும் மேற்பார்வையாளர் மூப்பு வரிசைப்படி பெயர்களை அழைக்கிறார். அழைக்கப்பட்டவர் தம் மேசைக்குச் சென்று வாளிகளில் நீர் நிரப்பத் தொடங்குகின்றனர்.