பம்பரைத் தாங்கும் இரும்புக் கை

பம்பரின் ஒரு முனை தொங்கிப்போய், அதைக் கட்டுக்கம்பியாலோ நைலான் கயிற்றாலோ இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடும் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கம்பி அறுந்தால் முன்பம்பர் தரையில் குத்தும். முன்சக்கரம் அதன்மேல் ஏறும். அல்லது பின்னால் வரும் ஸ்கூட்டரின் குறுக்கே அது போய் விழும். அடிபடுகிறவர் அந்த ஸ்கூட்டர்க்காரர்.

இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் பம்பர் உடைந்திருக்காது. உடைந்தது, பம்பரை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் பிராக்கெட்டுதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதை வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஆயினும் அது ஏன் உடைந்தது என்று அறியாமல் மாற்றினால், வேறொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே வேலைக்குப் போய்விடும்.

எடுத்துக்காட்டாகப் பழைய அம்பாசிடர் காரைக் கொள்வோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்யப்பட்டுவந்த அவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. என்றாலும் அதைப் பிள்ளையைப் போல் பேணி வைத்திருப்போர் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அதன் பம்பர் குரோமிய முலாம் பூசிய எஃகுப் பட்டை. அதை முன்னே நீட்டிப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை ஓர் இரும்புக் கை எனலாம். ஒரு முனை சட்டத்தில் இறுகியிருக்க, மறுமுனையில் சுமை தொங்குகிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். பம்பரின் எடை 10 கிலோகிராம், பிராக்கெட்டுகள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் மேலும் ஏறத்தாழ 50 நியூட்டன் விசை. கை 20 சென்டிமீட்டர் நீளமானால், அது சட்டத்தோடு சேருமிடத்தில் 10 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் உண்டாகும். பள்ளத்தில் வண்டி விழுந்து எழும்போது இது மும்மடங்காகி 30 ஆகிறது எனலாம். பிராக்கெட்டு 40 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள பட்டை என்றால், அதைப் படுக்கை வசமாக வைக்கும்போது அதன் மேற்பரப்பில் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 180 நியூட்டன். அதே பட்டையை நிமிர்த்தி விளிம்பு வசமாக வைத்தாலோ வெறும் 22.5 நியூட்டன்! எட்டில் ஒரு பங்கு. உங்கள் இரும்பு அடிக்கோலைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் வளைத்துப் பாருங்கள். கணக்கை நம்பாவிட்டாலும் கை நம்பும். சாதாரண மென்னெஃகு 250 நியூட்டன் அளவில்தான் நிலையாக வளையத் தொடங்கும். எனவே கடையில் வாங்கிய பட்டையை வளைத்துத் துளையிட்டுத் தாமே பிராக்கெட்டு செய்துகொள்வோர், அதை எந்த வசமாக வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் முடிவாகிறது.

180 என்பது 250-ஐவிடக் குறைவுதானே, பின் ஏன் உடைகிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, போல்ட்டுக்காக இட்ட துளை. அகன்ற தகட்டை இழுத்தால் அதிலுள்ள சிறு வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்பதை ஜெர்மானியரான கிர்ஷ் 1898-இல் கணித்துக் காட்டினார். வளையும் பட்டையில் இது சற்றுக் குறைவு. ஆனால் துளையின் ஓரம் பிசிறாக இருந்தாலோ துரு அரித்துக் குழி விழுந்திருந்தாலோ மறுபடியும் கூடிவிடும். துரு பட்டையையும் மெலியச் செய்கிறது. படுக்கை வசத்தில் 5 மி.மீ. பட்டை 4 மி.மீ. ஆனால் தாங்கும் வலிமை தடிப்பின் இருபடிக்கேற்பக் குறையும். அதாவது 100-க்கு 64 தான் மிஞ்சும்.

இரண்டாவது காரணம் உலோக அயர்ச்சி. ஒருமுறை தாங்கும் விசையை உலோகம் பத்து இலட்சம் முறை தாங்காது. 1842-இல் பிரான்சின் வெர்சாய் அருகே இரயில் எஞ்சின் ஒன்றின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பு ஏன் திடீரென முறிந்தது என்பது அன்றைய பொறியாளர்களுக்குப் பெரும் புதிர். பின்னர் ஜெர்மானிய இரயில்வேப் பொறியாளர் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து விடை கண்டார். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று ஒவ்வொரு வளைவிலும் சிறிது சிறிதாக வளர்கிறது. மிஞ்சிய பகுதி சுமை தாங்காதபோது பட்டென்று முறிகிறது. கார் வினாடிக்கு ஒருமுறை குலுங்கினாலும் 300 மணி நேர ஓட்டத்தில் பத்து இலட்சம் தாண்டிவிடும்.

ஆகவே உடைந்த துண்டைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அதன் முறிவு முகத்தைப் பாருங்கள். கிளிஞ்சலின் மேலுள்ள வரிகளைப் போல் வளைவு வளைவாகக் கோடுகளும் பழைய துருவும் தெரிந்தால் அது அயர்ச்சி. அவ்வரிகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் கீறல் பிறந்தது. முகம் முழுதும் புதிதாய், சொரசொரப்பாய் இருந்து, பட்டையும் நெளிந்திருந்தால் அது மோதலால் வந்தது. அப்படியானால் சட்டத்தையும் சோதித்தாக வேண்டும். 1100 கிலோகிராம் வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் இடித்து, 5 சென்டிமீட்டர் தொலைவில் நின்றால் சராசரி விசை 21,000 நியூட்டன், அதாவது இரண்டு டன் எடைக்கு மேல். 2 சென்டிமீட்டரிலேயே நின்றால் ஐந்து டன்னைத் தாண்டும். நடைவேகத்தில் இடித்ததற்கே இவ்வளவு!

சட்டத்தில் கீறல் உண்டா என்று காண்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அழுக்கையும் பெயின்ட்டையும் நீக்கி, அவ்விடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். கீறலுக்குள் நுண்புழைக் கவர்ச்சியால் இறங்கிய எண்ணெய் மறுபடி ஊறி வெளிவந்து, வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோட்டை வரையும். கோடு தெரிந்தால் வேலையை அத்தோடு நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

உடைந்த பிராக்கெட்டைப் பற்றவைத்தால் போதாதா? போதாது என்பதே என் கருத்து. பற்றவைத்த இடம் குளிரும்போது சுருங்க முயன்று உள்ளேயே ஓர் இழுவிசையைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. பற்றின் ஓரமோ புதியதொரு வெட்டுவாய். அடுத்த கீறல் அநேகமாக அங்கேதான் பிறக்கும்.

கழற்றும் வேலை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் நுழையக்கூடாது. கழற்றுமுன் பம்பருக்கும் விளக்குகளுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பம்பருக்கடியில் செங்கல்லோ பலகையோ அடுக்கி, மேலே கோணி விரித்துத் தாங்கல் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருபுறம் கழன்றதும் முழுச் சுமையும் மறுபுறப் பிராக்கெட்டை முறுக்கும்.

துருப்பிடித்த போல்ட்டுகள் எளிதில் அசையா. துருவின் பருமன் அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எனவே புரிகளுக்கிடையில் அது ஆப்பு வைத்ததுபோல் இறுகியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டுவைப்பது நல்லது. பொறுமையில்லாதவர் ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி அமுக்குவார். வெறும் 20 கிலோ எடை கொடுத்தாலும் 200 நியூட்டன் மீட்டர் ஆகிறது, 10 மி.மீ. போல்ட்டு முறிய அது தாராளம். சற்று இறுக்கியும் சற்றுத் தளர்த்தியும் மாறி மாறித் திருகினால் துரு பொடிந்து வழிவிடும். நெருப்பு வைத்துச் சூடாக்குவதை வீட்டில் செய்யவேண்டாம். பெட்ரோலும் மின்கம்பிகளும் தொலைவில் இல்லை.

பழைய பிராக்கெட்டையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இத்தகைய உதிரிபாகங்களுக்குப் பேர்போனது. இடது, வலது பிராக்கெட்டுகள் நம் இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பங்களாக இருக்கலாம். மாற்றி வாங்கிவந்து திண்டாடுவோர் உண்டு. போல்ட்டிலும் கவனம் தேவை. பிரிட்டிஷ் வழிவந்த பழைய வண்டிகளில் அங்குல அளவுப் புரிகளே மிகுதி. மில்லிமீட்டர் போல்ட்டு இரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறிப் பின் புரியைக் கெடுக்கும்.

பூட்டும்போது எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். எழுதிவைத்த இடைவெளிகள் இருபுறமும் ஒத்துவந்த பின்னரே, இடம் வலமாக மாறி மாறி இறுக்கவேண்டும். ஒருபுறத்தை முழுதும் முடுக்கிவிட்டு மறுபுறத்தை நெம்பிச் சேர்த்தால், வண்டி நகருமுன்பே பிராக்கெட்டில் தகைவு குடியேறிவிடும்.

எவ்வளவு இறுக்குவது? போல்ட்டு என்பது துளையில் செருகிய முளை அன்று; இழுத்துப் பிடித்த சுருள்வில். தலையில் 8.8 என்று பொறித்த 10 மி.மீ. போல்ட்டை 45 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால், அதாவது 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 23 கிலோ எடை கொடுத்தால், தகடுகளை அது ஏறத்தாழ இரண்டேகால் டன் விசையோடு நெருக்கிப் பிடிக்கும். அந்நெருக்கத்தால் விளையும் உராய்வே தகடுகளை நழுவவிடாமல் காக்கிறது. போல்ட்டு தளர்ந்தால் உராய்வு போய்விடும். பிராக்கெட்டு துளைக்குள் ஆடி, விளிம்பை ஒவ்வொரு குலுக்கலிலும் சம்மட்டிபோல் அடிக்கும். அயர்ச்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. துரு தடுக்கும் பூச்சு அவசியந்தான். ஆனால் போல்ட்டுத் தலை அமருமிடத்தில் அதை மொத்தமாக அப்பிவிடாதீர்கள். தடித்த பூச்சு நாளடைவில் நசுங்கி, இறுக்கத்தையும் கொண்டுபோய்விடும்.

இக்காலத்துக் கார்களில் நாம் காணும் பிளாஸ்டிக் பம்பர் வெறும் முகமூடி. அதன் பின்னே குறுக்குச் சட்டமும், மோதலில் தானே நசுங்கி ஆற்றலை விழுங்கும் எஃகுப் பெட்டிகளும் பல வண்டிகளில் உண்டு. நசுங்கிய பெட்டியைத் தட்டி நிமிர்த்தக்கூடாது, மாற்றவே வேண்டும். காற்றுப்பை உள்ள வண்டியானால் முன்புறத்தில் உணரிகள் இருக்கலாம். கையேட்டில் சொன்னபடி பாட்டரியின் இணைப்பை நீக்கிக் காத்திருந்த பின்னரே கை வையுங்கள்.

பிராக்கெட்டு ஒருமுறை உடைந்ததும், 'இனிமேல் உடையாத மாதிரி' என்று முன்னால் கனத்த இரும்புக் குழாய்ச் சட்டம் மாட்டிக்கொள்ளும் ஆசை பலருக்கு வருகிறது. அது நசுங்காது, ஆகவே மோதலின் விசை குறையாமல் வண்டிச் சட்டத்துக்கும் உள்ளே இருப்பவருக்கும் போகும், எதிரில் வரும் நடையாளரின் கதி சொல்லவேண்டாம். மத்திய அரசு 2017 டிசம்பரில் இவற்றைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது இதனால்தான்.

புதிய பிராக்கெட்டு மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். மேடுபள்ளங்கள் நசுங்கித் தகடுகள் ஒன்றோடொன்று அமர்ந்திருக்கும். கால் சுற்று இடம் கொடுத்தாலும் வியப்பில்லை.